முதலில் தராசில் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக விமானம் கட்டுபவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எஞ்சினைப் பற்றியும் இறக்கையைப் பற்றியும் ஆயிரக்கணக்கில் அடிக்கும் ரிவெட்டுகளைப் பற்றியும் கட்டுரையாளர் பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைசிப் பத்தியில்தான் சறுக்கிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்தால் மெத்தை, கம்பளம் என்று உள்ளே அழகாக்கிவிடுவார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பக்கத்திலேயே ஒரு வண்ணப்படம். கனத்த தோல் இருக்கைகள், பாதம் புதையும் கம்பளம், முன்கண்ணாடிக்குக் கீழே வெண்ணெய் நிறத்தில் ஒரு மேல்பலகை.

நான் 31 ஆண்டுகளாகத் தையல் மெஷின் மிதிப்பவள். என் தம்பி ஒன்பது ஆண்டுகள் ஒரு கொட்டகைக்குள் உட்கார்ந்து, இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டி முடித்தான். அதன் உள்வேலை முழுவதும் என்னுடையது. அதை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை செய்தது ஏறக்குறைய உங்கள் படத்தில் இருப்பதைப் போலவே இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த முதல் வேலை முடிந்த அன்று தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தராசில் வைத்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு இருக்கைக்குமாக ஐந்து சதுர மீட்டர் தோல், 4.5 கிலோ. ரப்பர் அடிப்பாகம் கொண்ட கம்பளம் மூன்று சதுர மீட்டர், 4.8 கிலோ. பக்கச் சுவர்களுக்கு 3 மில்லிமீட்டர் பிளைவுட், 3.6 கிலோ. அதன்மேல் போர்த்திய ரெக்சின் 1.3 கிலோ. இருக்கை ஃபோம் 3.7 கிலோ. கூட்டிப் பார்த்தபோது பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஆனால் கழற்றும் முன்பு விமானத்தோடு சேர்த்து எடை போட்ட கணக்கில் 19 கிலோ ஏறியிருந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எங்கே போயிற்று என்று இருவரும் விழித்தோம். பிறகு தெரிந்தது, அது பசை. டப்பா டப்பாவாக நான் தாராளமாகத் தடவிய கான்டாக்ட் பசை, தகட்டோடு ஒட்டிக்கொண்டு தராசுக்கு வர மறுத்துவிட்டது.

பத்தொன்பது கிலோ என்ன பெரிய விஷயம், இரண்டு பேர் உட்காரும் வண்டிதானே என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். தம்பி காகிதத்தில் போட்டுக் காட்டினான். அந்த விமானம் தரையிலிருந்து எழும்பும்போது மொத்தமாக 725 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. காலி எடை 465 கிலோ என்று வைத்தால் மீதி 260. எண்பது கிலோ ஆட்கள் இருவர், 160. டாங்க் நிறைய 140 லிட்டர் பெட்ரோல். விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ, ஆக 100 கிலோ சொச்சம். தீர்ந்தது. பின்னால் பெட்டி வைக்க இடமிருக்கிறது, எடை மிச்சமில்லை. இந்த நிலையில் நான் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் டாங்கிலிருந்து 1.4 லிட்டரை இறக்கிவிட்டுத்தான் ஏறுகிறது. கம்பளத்தில் பாதம் புதையப் புதைய, பறக்கும் நேரம் குறைந்துகொண்டே போகிறது.

தராசில் வைத்து நிறுக்கும் எடையோடு கதை முடிவதுமில்லை. எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்குத்தான். விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால் ஒட்டிய ஒரு கிலோ கம்பளம், அரை மீட்டர் பின்னால் வைத்த மூன்று கிலோவுக்குச் சமமாக வாலை அழுத்தும். ஈர்ப்பு மையம் அளவுக்கு மீறிப் பின்னால் போனால் மூக்கு ஒரு நிலையில் நிற்காமல் அலையும். வேகம் குறைந்து விமானம் விழத் தொடங்கும் நேரத்தில் அதை மீட்பதும் கடினமாகும். நான் முதல் தடவை பெட்டி வைக்கும் பின்னறையைத்தான் ஆசை ஆசையாகக் கம்பளத்தால் இழைத்திருந்தேன், கண்ணுக்கே தெரியாத இடத்தில்.

ஆக, பிரித்தோம். இரண்டாவது தடவை ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்தத் துணியும், எந்த ஃபோமும், நூல்கண்டு உட்பட, முதலில் தராசில் ஏற வேண்டும். அடுத்து நெருப்பில் காட்ட வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் கத்தரிக்கோல். நிறம் பார்ப்பது அதற்குப் பிறகு.

துணிக்கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்எம் என்றால் தெரியும், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. ஆனால் சீட்டில் எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, நகை நிறுக்கும் சிறிய மின்தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். கனமான இருக்கைத் தோல் 900 கிராமுக்கு வந்தது. ரெக்சின் 650. கம்பளிக் கலப்பு இருக்கைத் துணி 400. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கம்பளங்களில் ஒன்று 700, இன்னொன்று 1,600. வித்தியாசம் முழுவதும் அடியில் இருக்கும் ரப்பரில். மேலே தடவிப் பார்த்து வாங்குபவருக்கு அது தெரியவே தெரியாது.

நெருப்புச் சோதனையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பயணிகள் விமானங்களின் உள்துணிகளுக்கு அமெரிக்க விதியில் ஒரு சோதனை இருக்கிறது. துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் 12 விநாடி சுவாலையைக் காட்டி எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு 15 விநாடிக்கு மேல் அது எரியக் கூடாது. எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சொட்டுகள் விழுந்தால் அவை 5 விநாடிக்குள் அணைந்துவிட வேண்டும். சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கு அங்கே இது கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காக நெருப்பு நம்மை விட்டுவிடப் போவதில்லை. ஆய்வுக்கூடம் போல எங்களால் செய்ய முடியாது. காற்று வீச்சு படாத பெட்டியும் அளவான சுவாலையும் எங்களிடம் இல்லை. ஆனாலும் எது ஆகவே ஆகாது என்று கண்டுபிடிக்கக் கொல்லைப்புறம் போதும்.

மூன்று அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல நீளத்தில் துண்டுகள் வெட்டினேன். மூன்று பக்கமும் தகரம் நிறுத்தி, குறுக்கே ஒரு இரும்புக் கம்பி போட்டு, கிளிப்பில் தொங்கவிட்டோம். கீழே ஒரு தட்டில் மணல். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். தம்பி சிறிய கேஸ் பர்னரைப் பிடித்தான். நான் கையில் கடிகாரம்.

முதலில், எனக்கு மிகவும் பிடித்திருந்த கருநீல பாலியஸ்டர் வெல்வெட். நெருப்பு கிட்டே போனதுமே அது பயந்தது போல மேல்நோக்கிச் சுருண்டது. பாலியஸ்டர் ஏறக்குறைய 260 டிகிரியில் உருகும் இழை. நான்காவது விநாடியில் முனையில் ஒரு கறுப்புக் குமிழ் திரண்டது. ஏழாவது விநாடியில் அது அறுந்து விழுந்தது, எரிந்துகொண்டே. மணலில் விழுந்தும் அணையவில்லை. அடுத்த சொட்டு, அடுத்த சொட்டு. மணலில் சின்னச் சின்ன அகல்கள் போல நான்கைந்து எரிந்தன. அந்த இடத்தில் மணலுக்குப் பதில் ஒருவருடைய தொடை இருக்கும் என்று தம்பி சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். வெல்வெட்டை மடித்து வைத்துவிட்டேன்.

பருத்தி வேறு விதம். சொட்டாது, உருகாது, ஆனால் ஒய்யாரமாக மேலே ஏறி எரிந்துவிடும்; சுவாலை அணைந்த பிறகும் விளிம்பில் சிவப்புக் கனல் எறும்பு ஊர்வதைப் போல ஊர்ந்துகொண்டிருக்கும். கம்பளித் துண்டுக்குப் பன்னிரண்டு விநாடியும் காட்டினோம். முடி கருகும் நாற்றம், புகை. கீழே இரண்டு அங்குலம் கரியாகி நுரைத்தது. பர்னரை எடுத்ததும் தானாகவே நின்றது. கரியைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. காரணம் இருக்கிறது. கம்பளி தொடர்ந்து எரியச் சுற்றியுள்ள காற்றில் 25 சதவீதம் அளவுக்கு ஆக்சிஜன் தேவை. நம் காற்றில் இருப்பது 21. பருத்திக்கு 18 போதும். இந்த மூன்று எண்களும் அன்றிலிருந்து என் வெட்டுமேசைக்கு மேலே எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒரு மனத்தாங்கல். ஒரு கடையில் தீத்தடுப்புத் துணி என்று சொல்லித் தந்த பருத்திக் கலப்பு ஒன்றும் அன்று தொங்கியது. முதல் துண்டு நன்றாகவே தேறியது. மகிழ்ச்சியோடு எட்டு மீட்டர் வாங்கி வைத்திருந்தேன். என் பழக்கத்தில் தைக்கும் முன் துணியை நனைத்துச் சுருக்கம் எடுப்பேன். நனைத்துக் காயவைத்த துணியில் ஒரு துண்டை ஏதோ நினைப்பில் மறுபடியும் நெருப்பில் காட்டினோம். கம்பி வரைக்கும் எரிந்தது. தடுப்பாக ஏற்றியிருந்தது தண்ணீரில் கரையும் உப்பு. கடைக்காரரிடம் கேட்டபோது, துவைக்கச் சொன்னது யார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். மழையில் கண்ணாடிக் கூரையைத் திறந்து ஏறும் விமானத்தில் துணி நனையாமல் இருக்குமா? அதோடு, இப்படிப்பட்ட உப்புகளில் சில அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். எட்டு மீட்டரும் இன்று பழைய மெஷின்களுக்கு உறையாக இருக்கின்றன.

துணியை மட்டும் தனியாக எரித்துப் பார்ப்பதும் பாதி வேலைதான். மேலே துணி, நடுவில் பசை, உள்ளே ஃபோம் என்று இருக்கையில் இருக்கிற அதே அடுக்கில் தைத்து எரிக்க வேண்டும். நல்ல துணியும் மோசமான பசையும் சேர்ந்தால் மோசமான பசைதான் ஜெயிக்கும். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகும். இரண்டு ஆட்கள் தோள் உரச உட்காரும் அறையில் அதை எத்தனை மூச்சு இழுக்க முடியும்? 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா 797 என்ற டிசி-9 விமானம் கழிவறைப் பக்கம் பிடித்த தீயோடு அமெரிக்காவின் சின்சினாட்டியில் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான், கதவுகள் திறந்து ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்குள், உள்ளே குபீரென்று பற்றியது. 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. இருக்கை மெத்தைகளுக்குத் தீத்தடுப்பு உறை வேண்டும் என்ற விதி அடுத்த ஆண்டு வந்தது.

நானும் ஒரு தவறான பொருளை ஆசையாக வாங்கியவள்தான். வெப்பமும் சத்தமும் உள்ளே வராமலிருக்க, வெள்ளிபோல் மின்னும் மெல்லிய தாள் ஒட்டிய பஞ்சுப் போர்வை. தொட்டால் காற்றுபோல் லேசு; சதுர மீட்டருக்கு எடையே தெரியவில்லை. தராசு அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தது. தம்பி அதைப் பார்த்ததும் 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா போன ஸ்விஸ்ஏர் 111-ஐப் பற்றிச் சொன்னான். மின்கம்பி ஒன்றில் தெறித்த பொறி, வெப்பத்தடுப்புப் போர்வையின் உலோகப்பூச்சு பாலியஸ்டர் தாளில் பற்றிக்கொண்டது. விமானிகளுக்கு நாற்றம் தெரிந்ததிலிருந்து கனடாக் கரையோரக் கடலில் விழுந்தது வரை ஏறக்குறைய 20 நிமிடம். 229 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தத் தாள் அன்றைய சோதனையில் தேறிய தாள்தான் என்று அவன் சொன்னபோது எனக்கு முதுகு சில்லிட்டது. நான் வாங்கியது அதே பொருள் என்று சொல்ல வரவில்லை. கம்பியில் தொங்கவிட்டோம், மூன்று விநாடியில் தாள் காணாமல் போனது. அதுவே போதும்.

சத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பக்கச் சுவரில் தடித்த ஃபோம் ஒட்டினால் எஞ்சின் சத்தம் குறையும் என்று கட்டுரையிலும் வந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் விநாடிக்கு 80 வெடிப்பு. இரண்டு இலை புரொப்பெல்லர் காற்றை அறைவதும் விநாடிக்கு அதே 80 தடவை. அந்தத் தடித்த குரலின் ஒலியலை நான்கு மீட்டருக்கு மேல் நீளம். அதை ஃபோம் உறிஞ்ச வேண்டுமானால் அலையில் கால்பங்கு, அதாவது ஒரு மீட்டர் கனம் வேண்டும். ஒரு மீட்டர் ஃபோம் ஒட்டினால் ஆட்கள் எங்கே உட்காருவது? அரை அங்குல ஃபோம் காற்றின் கீச்சுக்குரலையும் தகட்டின் சலசலப்பையும் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். கனமான ரப்பர் விரிப்பு உண்மையிலேயே தடுக்கும். ஆனால் எடையை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் என்ற கணக்கில்தான் தடுக்கும். நாங்கள் அந்த எடையைத் தலையில் மாட்டிக்கொண்டோம். சத்தத்துக்கு நேரெதிரான ஒலியலையை எழுப்பி அதை அடக்கும் ஹெட்செட்டுகள் 1989 முதல் விமானிகளுக்குக் கிடைக்கின்றன. இந்தத் தடித்த குரலைத்தான் அவை நன்றாக அடக்குகின்றன.

ஃபோமுக்கு வருகிறேன். எல்லா இடத்திலும் எடையைக் குறைத்த நான் இங்கே மட்டும் குறைக்கவில்லை. உட்கார்ந்ததும் அமுங்கும் மெத்தென்ற ஃபோம்தான் சொகுசு என்று நினைத்திருந்தேன். விமானம் தடாலென்று தரையில் விழும்போது இருக்கைத் தகடு கீழே சட்டென்று நின்றுவிடும்; ஆள் மெத்தையை அமுக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டே இருப்பார். மெத்தை முழுதாக நசுங்கித் தீர்ந்த கணத்தில் அத்தனை அதிர்ச்சியும் ஒரே அடியாக முதுகெலும்பில் இறங்கும். தொய்ந்து கிடந்த கயிறு வெடுக்கென்று இழுபடுவதைப் போல. மெத்தென்று இருந்தது அந்த நேரத்தில் கெடுதலாகிறது. 1960-களில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக நடந்த வேலையில் பிறந்தது, அழுத்தினால் மெல்ல அமுங்கி மெல்ல மீளும் ஃபோம். நிதானமாக உட்கார்ந்தால் இளகி இடம் கொடுக்கும். வேகமாக மோதினால் இறுகிக்கொள்ளும். அது கன மீட்டருக்கு 95 கிலோ. சாதாரண ஃபோம் 40. வீட்டு மெத்தைக் கடையில் அதே பெயரில் விற்பது அதே சரக்கல்ல; நெருப்பிலும் அடியிலும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

இருக்கையில் மேலே 4 சென்டிமீட்டருக்கு அந்தக் கனமான ஃபோம். அடியில் 8 சென்டிமீட்டருக்குத் தண்ணீர் குடிக்காத, மூடிய கண்ணறை பாலியெத்திலீன் ஃபோம். முதுகுப் பக்கம் முழுக்க லேசான ரகம். மொத்தம் 3.9 கிலோ வந்தது. பழையதைவிட 200 கிராம் அதிகம். நோட்டில் அந்த ஒரு வரிக்கு மட்டும் தம்பி பச்சை மையில் கோடு போட்டிருக்கிறான். குளிர்ந்த காலையில் அது பலகைபோல் விறைத்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடல் சூடு ஏறப் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதே இருக்கையில் நான் அடித்த ஒரு கூத்தும் உண்டு. முன்விளிம்பைத் தொடைக்கு இதமாகக் கொஞ்சம் உயர்த்தி உருட்டித் தைத்திருந்தேன். தம்பி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் கைத்தண்டை, பின்னால் இழுத்தான். முக்கால்வாசி வந்து நின்றது. மெத்தையில் இடித்துக்கொண்டு நிற்கிறது. தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க அந்தக் கடைசிக் கால்பங்குதான் தேவை. அன்றே பிரித்து, நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, மறுபடி தைத்தேன். ஸ்டிக் அடியைச் சுற்றிப் போடும் பாவாடை போன்ற தோலுக்கும் அதே கதிதான். நான்கு மூலைக்கும் தள்ளிப் பார்த்து, எங்கும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட வேண்டும். மெத்தையின் உயரம் தலைக்கும் கண்ணாடிக் கூரைக்கும் இடையிலான இடைவெளியைத் தின்றுவிடும் என்பதும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் உறைத்தது.

இன்னொரு கூத்து, சுவரில் வரைபடம் வைக்கும் பைக்குக் காந்தப் பொத்தான் வைத்தது. கைப்பைகளில் எத்தனையோ வைத்துத் தைத்திருக்கிறேன். பையை மூடினால் எதிரே திசைகாட்டியின் முள் தலையாட்டியது. திறந்தால் பழைய இடத்துக்குப் போனது. அந்த இடத்தில் இப்போது வெல்க்ரோ.

நூலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தையல்காரிக்குத்தான் அது உறுத்தும். துணி நெருப்பைத் தாங்கி, நூல் பாலியஸ்டராக இருந்தால் என்ன ஆகும்? நூல் உருகித் தையல் வாயைப் பிளக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் நெருப்புக்கு நேராக முகம் காட்டும். ஆகவே, அராமிட் என்ற உருகாத செயற்கை இழை நூலால் தைத்தேன். அதற்கு வெயில் ஆகாது, நாளடைவில் வலுவிழக்கும். மேல்தையல் போடாமல் எல்லாவற்றையும் உள்மடிப்புக்குள் மறைத்தேன். தொடை உரசும் இடத்தில் மட்டும் போட்ட மெல்லிய தோல் பட்டைக்குத் தையல் புள்ளிகளை விலக்கிப் போட்டேன். நெருக்கிப் போட்டால் தபால்தலை கிழிவதைப் போல அந்த வரிசையிலேயே கிழியும்.

மற்றதெல்லாம் கழித்தல்தான். கம்பளம், கால் படும் இடத்துக்கு மட்டும் 1.2 சதுர மீட்டர், அதுவும் ரப்பர் இல்லாத 700 கிராம் ரகம். பின்னறைக்கு வண்ணப்பூச்சு மட்டும். பெடல் பக்கம் கம்பள விளிம்பு சுருண்டு பாதத்தைத் தடுக்காதபடி உள்ளே மடித்துத் தைத்தேன். பிளைவுட்டுக்குப் பதில் 0.4 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, முழங்கை உயரம் வரைக்கும்தான்; அதற்கு மேலே வெறும் தகட்டுக்கு மங்கலான சாம்பல் பூச்சு. பசை கால் கிலோ. கம்பளத்தை ஒட்டவேயில்லை, வெல்க்ரோவில் நிற்கிறது. அடியில் ஓடும் கம்பிகளையும் குழாய்களையும் பார்க்க வேண்டும் என்றால் ஒரே இழுப்பில் கையோடு வரும். முதல் தடவை ஒட்டிய கம்பளத்தைப் பிரித்தபோது அடியில் ஒரு மூலையில் ஈரம் தேங்கி, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்ததை நான் மறக்கவில்லை. இந்த வேலை முடிந்து வந்த மொத்தம், 8.7 கிலோ. பத்து கிலோவுக்கு மேல் இறக்கியிருக்கிறோம். டாங்குக்கு 14 லிட்டர் திரும்பக் கிடைத்தது. எங்கள் எஞ்சினுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம்.

1927-ல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பெர்க் பிரம்பு இருக்கையில் உட்கார்ந்துதான் முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்தார். ரேடியோவை வேண்டாம் என்று விட்டார். வரைபடத்தில் தேவைப்படாத ஓரங்களையும் வெட்டி எறிந்தார் என்பார்கள். தம்பி இதைச் சொல்லி என்னைப் பிரம்பு பின்னச் சொன்னான். அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்று நான்தான் மறுத்தேன். அவனுக்கு முதுகுவலி உண்டு.

கடைசியாக உங்கள் படத்துக்கு வருகிறேன். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்த வெண்ணெய் நிற மேல்பலகை, வெயில் ஏறினால் கண்ணாடியில் அப்படியே பிரதிபலிக்கும். எதிரே வரும் இன்னொரு விமானத்தைத் தேடும் கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரை தொங்கும். அந்த விமானத்தின் சொந்தக்காரர் தோலையும் கம்பளத்தையும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பலகையை மட்டுமாவது பளபளப்பில்லாத கறுப்புக் கம்பளித் துணியால் மூடட்டும். அளவெடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னால் நானே தைத்துத் தருகிறேன். 90 கிராமுக்கு மேல் போகாது. நெருப்பில் காட்டிய துண்டையும் கூடவே வைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி